விழாத இரண்டாவது கியர்

என் அக்காவின் கணவருக்குக் கடைத்தெருவில் 'சந்தேகம்' என்று பெயர். மற்றவர்களைச் சந்தேகப்படுகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கடைச் சாவியை யார் கையில் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார். சந்தேகமெல்லாம் தன் கைமேல்தான். சரிசெய்து அனுப்பிய மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தால், வந்தவன் வாயைத் திறப்பதற்குள், "என் கையிலதான் ஏதோ தப்பு. விட்டுட்டுப் போங்க, பாக்கறேன்" என்பார். ஒரு தடவை ஒருத்தன் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அதற்கும் அதே பேச்சு. கார்புரேட்டரைக் கழற்றித் தரையில் பரப்பிய பிறகுதான் டேங்க் மூடியைத் திறந்து பார்த்தார். அன்றைக்குத்தான் நான் அந்தப் பெயரை வைத்தேன். ஒரே வாரத்தில் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கு லேத் பட்டறை. அவர் கடையும் என் பட்டறையும் ஒட்டியே இருக்கும். நடுச்சுவரில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. எப்போதோ ஒயர் கொண்டுபோக உடைத்தது. அந்த வழியாகத்தான் எங்கள் வியாபாரம் நடக்கும். ஒரு கை நீளும், அதில் ஒரு போல்ட் இருக்கும். "மச்சான், இதுக்கு மரை போயிடுச்சு." நான் மரை வெட்டி அதே ஓட்டையில் வைப்பேன். சில நாள் முகத்தையே பார்க்காமல் பத்து வேலை முடித்திருக்கிறோம்.

அவர்கள் கல்யாணமே இந்த வியாதியால் நடந்ததுதான். அக்கா அப்போது பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுக்கிற ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரிய கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. நாள் முழுக்க வண்டிமேல்தான். கிளட்ச் சரியில்லை என்று மாமாவின் கடைக்குப் போனாள். சரிசெய்து கொடுத்தார். அடுத்த வாரம் மறுபடி போனாள். அதற்கடுத்த வாரமும் போனாள். மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டு கேபிளை மாற்றினார், பிளேட்டை மாற்றினார், கடைசியில், "மன்னிச்சுக்குங்க, என் கைக்கு வேலை வரல, வேற மெக்கானிக்கைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் அக்கா, வீட்டிலிருந்து கிளம்பும்போது கேபிள் நட்டைத் தானே தளர்த்திவிட்டு வந்த கதையைச் சொன்னாள். அவருக்கு அப்போதும் புரியவில்லை. "எதுக்குங்க அப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டாராம். இப்படிப்பட்ட மக்குப் பிள்ளையார் கிடைப்பது கஷ்டம் என்று அக்கா விடாமல் பிடித்துக்கொண்டாள்.

பதினெட்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். குழந்தை இல்லை என்பது ஒரு குறை. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கடைக்கு மேலேயே வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு மொட்டை மாடி. சாயங்காலம் அக்கா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும், அவர் தன் வேலையைப் போட்டுவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு அவள் வண்டியைத் துடைக்கப் போய்விடுவார். வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருப்பார். "சொந்த வண்டியை அப்புறம் தொடைக்கக் கூடாதா?" என்று நான் ஓட்டை வழியாகக் கத்துவேன். கேட்காத மாதிரி இருந்துவிடுவார்.

அக்காவுக்கு இடது முழங்கால் மடக்கினால் வலிக்கும். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்தது. இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் இறங்கும்போது கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாமாவுக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஒருநாள், காலை மடக்காமல் முன்னால் நீட்டி வைத்து ஓட்டுகிற மாதிரி செய்துவிடலாம் என்றார். பெரிய வண்டிக்காரர்கள் பகட்டுக்காகப் போட்டுக்கொள்வது அது. கால் வைக்கிற கட்டை, கியர் லிவர், பிரேக் எல்லாவற்றையும் எஞ்சினுக்கு முன்னால் கொண்டுபோய் மாட்டவேண்டும். கட்டையும் பிரேக்கும் பெரிய காரியமில்லை. கியர்தான் படுத்தும். லிவர் முன்னால் போய்விடும், கியர்பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் ஒரு நீளமான கம்பி இணைக்கவேண்டும். முன்னால் கால் செய்வது பின்னால் அப்படியே போய்ச் சேரவேண்டும்.

அந்தக் கம்பியை நான்தான் கடைந்தேன். ஒரு முனையில் வலது மரை, இன்னொரு முனையில் இடது மரை. கழற்றாமலேயே கம்பியைச் சுற்றி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அக்கா முதல் தடவை ஓட்டிவிட்டு வந்து, "டேய், வீட்டுல நாற்காலியில உட்கார்ந்த மாதிரி இருக்குடா" என்றாள். அந்த ராத்திரி மாமா சிரித்த மாதிரி அவர் கல்யாணத்தன்று கூடச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் வந்து, "என்னங்க, ரெண்டாவது கியர் விழல. தூக்கினா நியூட்ரல்ல நின்னுடுது" என்றாள்.

அது நிஜமான தப்புதான். முதல் கியர் கீழே அழுத்தினால் விழும், இரண்டாவதுக்கு முன்பாதத்தால் லிவரைத் தூக்கவேண்டும். கம்பி கொஞ்சம் நீளமாகிவிட்டதால், கியர்பெட்டியிலிருந்து நீளும் சின்ன இரும்புக் கை சாய்ந்து நின்றது. கம்பியும் அந்தக் கையும் செங்கோணத்தில் இருந்தால்தான் கால் கொடுக்கிற அசைவு முழுதாகப் போகும். மாமா அந்த இரும்புக் கையைக் கழற்றி ஒரு பல் பின்னால் தள்ளி மாட்டினார். கம்பியை இரண்டு சுற்று குறைத்தார். கியர் வெண்ணெயாக விழுந்தது.

ஒரு மாதம் கழித்து மறுபடி விழவில்லை. பார்த்தால் கம்பியைச் சுழலாமல் பிடிக்கிற பூட்டு நட்டு தளர்ந்து கம்பி தானாகவே சுழன்றிருந்தது. இரட்டை நட்டு போட்டார். அதற்குப் பின் இன்னொரு தடவை. இந்த முறை தப்பு என்னுடையது. கம்பி மெலிசு, தூக்கும்போது வில்லாக வளைந்தது. தடிமனாக இன்னொன்று கடைந்து கொடுத்தேன். "உன்னை நம்பினேன் பாரு" என்று ஓட்டை வழியாகச் சொன்னார். என் தப்பு என்றதும் மனிதருக்கு என்ன சந்தோஷம்!

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், மூன்று தடவை வண்டியில் தப்பு இருந்தது. நான்காவது தடவை இல்லை. அதுதான் எங்களைக் கெடுத்தது.

நான்காவது தடவை அவர் பாதி நாள் அந்த வண்டியோடு கிடந்தார். கம்பியின் இரண்டு முனையிலும் உள்ள பந்து மூட்டுகளில் ஆட்டம் இல்லை. நட்டு தளரவில்லை. லிவர் எதிலும் இடிக்கவில்லை. கிளட்ச் சரியாகப் பிரிகிறது. தானே ஏறி நாலு தெரு சுற்றிவிட்டு வந்தார்.

"எனக்கு விழுது மச்சான். அவளுக்கு விழல."

"அப்ப அக்காவுக்கு ஓட்டத் தெரியல" என்றேன்.

"போடா. பத்தொம்பது வருஷமா ஓட்டறா. என் கால் நீளம் வேற, அவ கால் நீளம் வேற. அவ அளவுக்கு நான் வைக்கல. என் கையிலதான் தப்பு."

அக்காவை வண்டிமேல் உட்காரவைத்து, டேப்பை எடுத்துக் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் அளந்தார். லிவரைக் கால் அங்குலம் இறக்கினார். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு இல்லை என்றாள். மறுபடி ஏற்றினார். இந்தக் கூத்து வாரக்கணக்கில் நடந்தது.

நடுவில் அக்கா, கால் மரத்துப்போகிறது என்றாள். காலை நீட்டி உட்கார்ந்தால் சீட் தொடையை அழுத்துகிறது என்று சொல்லி அவர் சீட்டைப் பிரித்துப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்தார். ஓட்டும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்றாள். கட்டைக்குப் பின்னால் குதிகாலைத் தடுக்க ஒரு தகடு வைத்தார். நடக்கும்போதும் செருப்பு கழன்றதே, அதற்கு எங்கே தகடு வைப்பது? கணுக்கால் வரைக்கும் லேஸ் கட்டுகிற பூட்ஸ் வாங்கி வந்தார். அவள் உடம்பு சொன்ன ஒவ்வொன்றையும் வண்டி சொன்னதாக எடுத்துக்கொண்டு ஸ்பேனரைத் தூக்கினார். ஒரு மெக்கானிக்கைத் தவிர வேறு எவனுக்கும் இந்தப் புத்தி வராது. ஒரு காய்கறிக்காரனைக் கட்டியிருந்தால்கூட, "டாக்டர்கிட்ட போ" என்று சொல்லியிருப்பான்.

நான் ஒரே ஒரு தடவை கேட்டேன். அக்கா என் பட்டறை வாசலைத் தாண்டிப் போனபோது அவள் இடது பாதம் தரையில் தேய்ந்தது.

"என்னக்கா, காலை இழுத்து இழுத்து நடக்கற?"

"புது பூட்ஸ்டா. கனமா இருக்கு. உனக்கு வேற வேலை இல்லையா?"

எனக்கு வேலை இருந்தது. நான் திரும்பிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஓட்டை வழியாக ஒரு புது உத்தரவு வந்தது. லிவருக்குப் பின்னால் இன்னொரு கை வேண்டும், குதிகாலால் மிதிப்பதற்கு. முன்பாதத்தால் தூக்க வேண்டாம், பின்னால் மிதித்தாலே அடுத்த கியர் விழவேண்டும். "ரொம்ப லேசா மிதிச்சாலும் விழணும் மச்சான். நீளமா வை" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. வேலை மும்முரத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. வளைவு, துளை, பாலீஷ் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தேன். அக்கா, "இப்ப ஜோரா விழுது" என்றாள். ஆறு வாரம் ஜோராக விழுந்தது.

கடைசியில் அவள் விழுந்தது வண்டியிலிருந்து இல்லை. பரிசோதனைக் கூடத்தின் படியில். ஐஸ் பெட்டியோடு ஏறும்போது பாதம் படி விளிம்பில் மாட்டிக்கொண்டது. நாற்பது குப்பியும் உடைந்தன. கூடத்திலிருந்து போன் வந்ததும் நானும் மாமாவும் ஓடினோம். அக்கா தரையில் உட்கார்ந்து, யார் யாருடைய ரத்தமோ தெரியாமல் சுற்றிலும் சிவப்பாகக் கிடக்க, "நாற்பது பேரை மறுபடி குத்தணுமே" என்று அழுதுகொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் டாக்டர் அவள் பாதத்தைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார். பாதம் தொங்கியது. ஊசியால் குத்தினார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

மாமா முந்திக்கொண்டு பதில் சொன்னார். "நாலு மாசமா ரெண்டாவது கியர் விழல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

முதுகெலும்புக்குள் ஒரு கட்டி. அது நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வாக்கியத்தை அவர் மாமாவைப் பார்த்துச் சொன்னார். மாமா அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கட்டி நல்ல கட்டி இல்லை என்பது பிறகு தெரிந்தது. மறுபடி வளர்ந்தது. பதினோரு மாதம்.

அந்தப் பதினோரு மாதமும் அவர் அக்காவைத் தரையில் விடவில்லை. மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்குவார், தூக்கிக்கொண்டு ஏறுவார். கட்டிலுக்குச் சக்கரம் வைத்தார். அவள் படுத்தபடியே ஜன்னலைத் திறக்க ஒரு கம்பியும் லிவரும் செய்தார். அதற்கும் நான்தான் மரை வெட்டினேன். ஜன்னல் ஒரே இழுப்பில் திறந்தது.

கடைசி மாதத்தில் ஒரு மத்தியானம், மாமா மருந்து வாங்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவர்கிட்ட சொல்லக் கூடாது."

"சொல்லு."

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். காலுதான் சொன்ன பேச்சு கேக்கல. மொதல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா வாயைத் திறக்கல?"

"வண்டியில தப்புன்னா அவர் சரி பண்ணிடுவார் இல்ல? ஒவ்வொரு தடவையும் மாட்டிக் கொடுத்துட்டு, இப்ப பாருன்னு நிப்பார். அந்த முகத்தைப் பாத்தா எனக்கே நம்பிக்கை வந்துடும். வண்டிதான் போலன்னு நினைச்சுக்குவேன்." மூச்சு வாங்கினாள். "சொல்லிடாத. சொன்னா, அதுகூடத் தெரியாம இருந்துட்டேனேன்னு அதுக்கும் தன் கையையே திட்டுவார்."

சத்தியம் கேட்டாள். செய்தேன். பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு மாமா கடையைத் திறந்தார், ஆனால் வேலை முடியவில்லை. ஒரு நட்டை இறுக்குவார். தளர்த்துவார். மறுபடி இறுக்குவார். மரை போய்விடும். ஓட்டை வழியாகக் கை நீளும். நான் வெட்டிக் கொடுப்பேன். சாயங்காலம் அதே போல்ட் மறுபடி வரும். சரியான வண்டிகளைக்கூடத் திருப்பிக் கொடுக்க மாட்டார். "இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், என் கைமேல நம்பிக்கை இல்ல" என்பார். வாடிக்கையாளர்கள் சண்டை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். கடைத்தெருவில் அந்தப் பெயரை இப்போது யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. அதை வைத்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

சாப்பாடும் குறைந்துவிட்டது. என் மனைவி கொடுத்து அனுப்புகிற டப்பா பாதிக்குமேல் திரும்பி வரும். ஒருநாள் ஒரு வாலிபன், காலை நீட்டி ஓட்டுகிற செட்டை வாங்கிக்கொண்டு வந்து மாட்டச் சொன்னான். மாமா அந்தப் பெட்டியைத் திறந்தார். கம்பியைக் கையில் எடுத்தார். அப்படியே பின்வாங்கிக் கடையை விட்டு வெளியே போய்விட்டார். நான் தேடிப் போனபோது மொட்டை மாடியில் துணிக் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"என் கையாலதான் அவ போனா மச்சான்" என்றார். "நாலு மாசம். நட்டைத் திருகிட்டு நாலு மாசத்தைத் தொலைச்சேன்."

இதற்குமேல் என்ன சத்தியம்? இந்த மனிதர் என் கண் முன்னாலேயே கரைந்து போகிறார். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி உயிரோடு இருப்பவரைக் கொல்வதா? நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி நல்லாத்தான் இருந்தது, அது அக்காவுக்குத் தெரியும், தெரிந்துதான் மறைத்தாள், உங்கள்மேல் தப்பே இல்லை என்று ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கே பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியும் மச்சான்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பூட்ஸ் வாங்கிட்டு வந்தேன் இல்ல, அன்னிக்கு நான்தான் லேஸ் கட்டிவிட்டேன். அவ காலை என் தொடைமேல வச்சுக்கிட்டு, இறுக்கமா இருக்கா, முன்பாதத்தைத் தூக்கிப் பாருன்னேன். தூக்கிட்டேன், சரியா இருக்குங்கன்னா." அவர் தன் தொடையைத் தொட்டுக் காட்டினார். "தூக்கல. பாதம் அப்படியே என் தொடையிலதான் கிடந்துச்சு."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"நிமிர்ந்து அவ முகத்தைப் பாத்தேன். தூக்கிட்டதா நினைச்சு சிரிச்சுக்கிட்டு இருந்தா. நானும் சரியா இருக்குன்னு சொல்லிட்டேன். முடிச்சுப் போட்டேன். கீழ வந்து உன்கிட்ட குதிகால் லிவர் கேட்டேன்."

"ஏன் மாமா?" என்று கத்தினேன். "உடனே தூக்கிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"அவ வண்டின்னு சொன்னா. வண்டின்னா என்னால முடியும். காலுன்னு யார் மொதல்ல சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அக்காமேல் வந்தது, இவர்மேல் வந்தது. ஒரே அறையில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் பயமுறுத்தக் கூடாது என்று நாலு மாதம் வண்டியைக் குறை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நன்றாகத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஆறுதல் சொல்லப் போனவன் நான். என் கையில் இருந்த ஒரே ஆறுதலையும் கொடுத்துவிட்டேன். அது அவருக்கு உதவவில்லை. வண்டிதான் காரணம் என்று ஏமாந்து, அந்த நாலு மாதமாவது அவள் பயமில்லாமல் இருந்தாள் என்று அதுவரை அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவளுக்கும் தெரிந்தே இருந்தது என்பதை இப்போது நான் சொல்லிவிட்டேன்.